கிணற்றடியில் நின்ற பச்சைக் கார்

அக்காவோடு எங்கே போனாலும் எனக்கு மூச்சு வாங்கும். எறணாகுளத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் 'போட்டு' எனும் படகு மட்டாஞ்சேரி ஜெட்டியில் அணைவதற்கு முன்பே, கயிறு வீசுகிறவன் கயிற்றைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரைக்குத் தாவியிருப்பாள். நான் மற்றவர்களோடு நின்று நிதானமாக இறங்கி, பிறகு அவள் பின்னால் ஓட வேண்டும். சாயாக் கடையில் சாயா ஆறும்வரை அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு, நாக்கு வெந்த எரிச்சலைக் கடைக்காரர்மேல் காட்டுவாள். நாம் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அதன் முடிவை அவளே சொல்லிவிடுவாள். பெரும்பாலும் தப்பாக.

இத்தனைக்கும் அவள் பார்த்த வேலை, ஊரையே காத்திருக்கச் சொல்கிற வேலை. எறணாகுளத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுப்பவள். பம்பாய்க்கும் மதராசுக்கும் பேசத் துடித்துக்கொண்டிருப்பவர்களிடம், லைன் கிடைக்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று நாள் முழுக்க மூன்று பாஷையில் சொல்லிவிட்டு வருவாள்.

"பொறுமையெல்லாம் அங்கயே தீந்துபோகுதுடி. வீட்டுக்குக் கொண்டுவர ஒண்ணும் மிச்சமில்ல. நான் எந்தா செய்ய?" என்பாள்.

நாங்கள் ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் குடியிருந்தோம். மிளகும் சுக்கும் அடைத்த கிடங்குகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட பழைய ஓட்டு வீடு. முன்பாதியில் நானும் என் வீட்டுக்காரரும். பின்பாதியில் அக்காவும் அவள் அப்பாவும். பொதுவாக ஒரு முற்றம், ஒரு கிணறு, துணி காயப்போட ஒரு கொடி. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அக்கா என்று கூப்பிட்டேனே தவிர உறவில்லை; அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் வாரப் பத்திரிகைக் கதைகளை நான் வாசிக்க அவள் கேட்பாள். கேட்பாள் என்றால், கடைசிப் பத்தியை முதலில் வாசிக்கச் சொல்வாள்.

வயது முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் கூடிவரவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தபோது, இவள் செருப்பு கழற்றிய இடத்திலேயே அவர்களை மறித்து, "யோசிக்க எந்தா இருக்கு? பிடிச்சிருக்கா, இல்லையா? இப்பவே சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டாளாம். அவர்கள் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

என் வீட்டுக்காரர் பக்கத்து மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தார். எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், சாப்பிட வந்தவர் பேச்சுவாக்கில் ஒரு கார் விஷயத்தைச் சொன்னார். கிடங்கின் பின்னறையில் சாக்குகளுக்கு அடியில் பல வருஷமாகக் கிடக்கிறதாம். யாரோ வெள்ளைக்காரத் துரை ஓட்டியது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, வேகமாக ஓடுவதற்கென்றே செய்த கார். அவர் ஊரைவிட்டுப் போனபோது விட்டுவிட்டுப் போக, கிடங்கு கைமாறியபோது அதுவும் சேர்ந்து கைமாறியிருக்கிறது. புதுச் சரக்கு வருவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், பழைய இரும்புக்குப் போடப்போகிறார்கள் என்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைச் சுவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சேட்டா, கிடங்கு இப்ப திறந்திருக்கா?"

அவர் கை கழுவுவதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். நானும் ஓடினேன். சாக்கை இழுத்தபோது எழுந்த மிளகுத் தூசியில் இருவரும் தும்மித் தும்மி ஓய்ந்தோம். தூசி அடங்கியபின் தெரிந்தது: நீளமான மூக்கு, கம்பிகள் வைத்த சக்கரங்கள், எலி குதறிய இருக்கைகள். துடைத்த இடத்தில் மட்டும் அடர்ந்த பச்சை. அக்கா அதன் கதவைத் திறந்தாள். கதவு கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே, "இத நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

லைசன்ஸ் எடுத்து வருஷக்கணக்காக வைத்திருந்தாள். ஓட்டத்தான் வண்டியில்லை. கல்யாணத்துக்கென்று செய்துவைத்த வளையல்கள் அன்று சாயங்காலமே போயின. அவள் அப்பா அதைத் தடுக்கவில்லை. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கல்யாணம் ஆகாத ஏக்கம் என்றார்கள். யாரோ துரையை மனசில் வைத்திருந்தாள் என்றுகூடச் சொன்னார்கள். நான் நேராகவே கேட்டேன்.

"எனக்கு வேகமா போகணும். அதுக்கு ஒரு காரணம் வேணுமா?" என்றாள்.

கிடங்கில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் கயிறு கட்டி, மக்கிய டயர்களோடு அதை இழுத்துவந்தார்கள். எங்கள் வீட்டு வாசல் கேட்டின் தூண் இடித்தது. வீட்டின் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்றார் என் கணவர். அவர் திரும்பிப் பார்க்கும்போது தூண் இல்லை. இப்படியாகக் கார் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. என் துணிக்கொடியை அவிழ்த்து, வெயிலே படாத ஒரு மூலையில் கட்டிக் கொடுத்தாள். "ரெண்டு மாசம்டி, அதுக்குள்ள ஓடிடும்" என்றாள். எட்டு வருஷத்துக்குக் கிட்ட ஆனது. அத்தனை மழைக்காலமும் என் புடவைகள் அரைகுறையாகக் காய்ந்து, துருவும் மண்ணெண்ணெயும் நாறின.

முதலில் எறணாகுளம் பிராட்வே பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். காரைச் சுற்றி வந்துவிட்டு, "வீட்ல ஆணுங்க ஆரும் இல்லே?" என்று கேட்டார். அக்கா அவரை வாசல்வரைகூடக் கொண்டுபோய் விடவில்லை. அடுத்து வந்தவர் தோப்பும்படியில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி. பருத்த உடம்பு, தூங்குகிற மாதிரிக் கண்கள். எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்தது ஒரே பதில்: "நாளெ நோக்காம், சேச்சி."

நாளைக்குப் பார்க்கலாம் என்கிற இந்த 'நாளெ'யைக் கேட்டால் அக்காவுக்கு முகம் சிவக்கும். டியூட்டி முடிந்ததும் அவர் பட்டறைக்குப் போய், மற்ற வண்டிக்காரர்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவர் பீடி பற்றவைத்தால் இவள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். அவருக்கும் எரிச்சல், இவளுக்கும் எரிச்சல். ஆனால் வேறு ஆளுக்கு அவளும் போகவில்லை, போங்கள் என்று அவரும் சொல்லவில்லை.

என்ஜின் உள்ளே பிஸ்டன்கள் துருவேறி இறுகிப்போயிருந்தன. மேஸ்திரி எண்ணெயை உள்ளே ஊற்றிவிட்டு, தான் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது, தானாக இளகும், ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா மறுநாள் காலையிலும் சாயங்காலமும் முன்னால் இருக்கும் கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. அதற்கும் மறுநாள், கைப்பிடியில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி, கிடங்கிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து தொங்கச் சொன்னாள்.

"வேண்டாங்கா, அந்த ஆளு சொன்னாரில்ல" என்றேன்.

"அவர் சொன்னா சொல்லட்டும். பிடிங்கடா!"

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் உடைகிற மாதிரி. கைப்பிடி லேசாகச் சுற்றியது. அவள் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. மேஸ்திரி வந்து திறந்து பார்த்தபோதுதான் பிஸ்டன் உடைந்திருப்பது தெரிந்தது. அவர் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "இனி எந்தா செய்யா, சேச்சி? இது இந்தியாவில கிட்டில்ல" என்றார். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளிநாட்டுச் சாமான்கள் எளிதில் வராத காலம் அது. பொறுக்காமல் ஒரு லேத்துக்காரரைப் பிடித்து வேறொரு வண்டியின் பிஸ்டனைக் கடைந்து போட வைத்தாள். கார் அரைமணி நேரம் உறுமியது, முற்றமெல்லாம் வெள்ளைப் புகை, பிறகு மறுபடி இறுகிப்போனது. கடைசியில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த நம்மூர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்தாள். அவர் கப்பல் இங்கிலாந்து போய்விட்டு எப்போது கொச்சி பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. துறைமுகமான வில்லிங்டன் தீவில் கப்பல் வரும் என்று சொல்லப்பட்ட நாளிலெல்லாம் அக்கா லீவு போட்டுவிட்டுப் போய் நிற்பாள். வெயிலில் கருத்துத் திரும்பி வருவாள். ஒருவழியாக அவர் வந்தார். கொண்டுவந்த பிஸ்டன்கள் அளவு சேரவில்லை. மறுபடி சொல்லிவிட்டு, மறுபடி ஜெட்டி. அதற்குள் கரையான் காரின் மரக் கதவுச் சட்டங்களைத் தின்று தீர்த்தது. தோணி, வள்ளம் கட்டுகிற ஆசாரி ஒருவர் வந்து அயினி மரத்தில் புதுச் சட்டம் செய்து போட்டார்.

இந்த வருஷங்களில் அந்தக் காரால் நிம்மதியாக இருந்த ஒரே ஆள் அவள் அப்பாதான். முனிசிபாலிட்டியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நீளமான இரும்புச் சாவியோடு தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு தெருவுக்கும் முறை வைத்து வால்வைத் திருப்பியவர். எதற்கும் அவசரப்படாதவர். கார் வந்த மறுவாரமே எலி குதறிய இடதுபக்க இருக்கையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதில் உட்கார்ந்து பத்திரிகை படிக்க ஆரம்பித்தார். காலைச் சாயா அங்கேதான். மத்தியானத் தூக்கமும் அங்கேதான். மழை பெய்தால் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தண்ணீர் இறைக்கப் போனால், "மோளே, எர்ணாகுளம் வரை போறேன், ஏதாவது வாங்கணுமா?" என்பார். நானும், "பச்சை மிளகாய் வாங்கிட்டு வாங்கப்பா" என்பேன். அக்காவுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. "நகராத வண்டியில உக்காந்து எந்தா சுகம் இருக்கு?" என்று கடிந்துகொள்வாள். அவர் ஸ்டியரிங்கை மெல்லத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பத்திரிகையைத் திருப்புவார்.

அவள் அவசரத்தின்மேல் எனக்குத் தீராத எரிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. என் மகளுக்கு ஒன்றரை வயதில் ஒருநாள் காலை காய்ச்சலோடு தொண்டை அடைத்து மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். நான் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். டியூட்டிக்குப் போகும் வழியில் எட்டிப்பார்த்த அக்கா, குழந்தையின் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்தாள். என் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, மறித்த அட்டெண்டரை முழங்கையால் தள்ளிவிட்டு டாக்டர் அறைக்குள் போய்விட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். அதன்பின் கொடியைப் பற்றியும் ஈரத் துணியைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. ஒரு மாசம் அப்படி இருந்தேன். பிறகு மழை வந்தது.

சரியான பிஸ்டன்கள் வந்துசேர்ந்தன. மேஸ்திரி மாதக்கணக்கில் 'நாளெ' சொல்லி, ஒரு காலை வேளையில் காரைக் கிளப்பினார். இந்த முறை புகையில்லை. கும்மென்று ஒரு கனத்த சத்தம். பக்கத்துக் கிடங்குகளிலிருந்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அக்கா உடனே வலதுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். மேஸ்திரி கதவின்மேல் கையை வைத்து மறித்தார்.

"சேச்சி, கேளு. பிஸ்டன் புதுசு. நான் சொல்லும்வரை மெல்லே மெல்லே ஓட்டணும். வேகம் கூடாது. பாரமும் கூடாது, ஒராள் மதி, கூட ஆரும் வேண்டா. ஸ்பீட் போனா மறுபடி பிடிச்சிரும். பின்னே என்னெ விளிக்கண்டா, நான் வரமாட்டேன்."

நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு முனை தாண்டுவதற்குள் அவள் பறப்பாள் என்று என் வீட்டுக்காரரிடம் பந்தயம் கட்டத் தயாராக இருந்தேன். அவள் தலையை ஆட்டினாள். ஒருமுறை உடைத்துவிட்டு வருஷக்கணக்கில் பட்டது போதும் என்று நினைத்திருக்க வேண்டும். அன்று முதல் தினமும் சாயங்காலம், அந்த நீளமான பச்சைக் கார் மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டு வண்டி வேகத்தில் போகிற காட்சியை மட்டாஞ்சேரி பார்த்தது. சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போனார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். என் வாழ்நாளில் அவள் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு நம்ப முடியவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கார் ஓட ஆரம்பித்ததும் அவள் அப்பாவுக்கு உட்கார இடமில்லாமல் போனது. புது ரெக்சின் தைத்த இருக்கையில் சாயா சிந்திவிடும் என்று அவள் அவரை ஏறவிடவில்லை. அவர் கிணற்றின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து பத்திரிகை படித்தார். அங்கே சாய முடியாது. ஒரு சாயங்காலம் அவள் சாவியை எடுத்துக்கொண்டு வந்தபோது, அவர் இஸ்திரி போட்ட சட்டையும் மடிப்புக் கலையாத வேட்டியுமாகக் கார் பக்கத்தில் நின்றார்.

"நானும் வரட்டா மோளே?"

"பொறுங்கப்பா. இப்ப பாரம் ஏத்தக்கூடாதுன்னு மேஸ்திரி சொல்லியிருக்கார். இப்ப இது கட்டவண்டி. வேகம் போகலாம்னு அவர் சொல்ற அன்னிக்கு, முதல்ல உங்களத்தான் ஏத்துவேன். ஐலண்ட் ரோட்டில ஒரு பறப்பு."

"எனக்கு வேகம் வேண்டா. இந்தத் தெரு முக்கு வரை போயிட்டு வந்தா போதும்."

"அதெல்லாம் ஒரு போக்கா? கொஞ்சம் நாள்தானே? பொறுங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். நான் கிணற்றடியில்தான் நின்றேன். அவர் மெலிந்த ஆள். அவரால் அந்தக் காருக்கு என்ன பாரம் கூடிவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் பொறுமையாக இருப்பதே அபூர்வம், அதைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் என்றது மூன்று வாரமானது, ஒரு மாசமானது. மேஸ்திரி காரை ஓட்டிக் காட்டச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்றார். ஒரு காலை, அக்கா டியூட்டிக்குப் போனபின், அவள் அப்பா பல் தேய்க்கக் கிணற்றடிக்கு வந்தவர் அப்படியே உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். என் தோளில் சாய்ந்தார், அவ்வளவுதான். கார் அங்கேதான் நின்றது. சாவி அக்காவின் கைப்பையில், அக்கரையில் இருந்தது. இருந்திருந்தாலும் எனக்கோ என் வீட்டுக்காரருக்கோ ஓட்டத் தெரியாது. என் வீட்டுக்காரர் கிடங்கிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போன் பண்ணினார். அன்று போட்டில் அவள் எப்படி வந்தாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தபோது அவள் செருப்பு இல்லாமல் வந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து மேஸ்திரி அவராகவே வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, கிளம்பும்போது தயங்கி, இனி எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் போகலாம் சேச்சி, வண்டி ரெடி என்றார். பிற்பாடு அந்தக் காரை ஹைரேஞ்ச் மலையிலிருந்து வந்த ஓர் எஸ்டேட்காரருக்கு விற்றாள். கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிப் போனாள். அங்கேயே ஓய்வு பெற்றதாகக் கேள்வி. அதற்கெல்லாம் முன்னால், மேஸ்திரி வந்துபோன அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை, என்னைக் கூப்பிட்டாள்.

"வா, ஏறு."

அவள் அப்பா இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஏறி உட்கார எனக்குக் கால் கூசியது. அவள் பார்வையைப் பார்த்து ஏறிவிட்டேன். பாலம் தாண்டித் தீவுக்குள் போனோம். லீவு நாள், துறைமுகச் சாலையில் லாரி இல்லை, ஆள் இல்லை. இருபுறமும் பூட்டிய கிடங்குகள், நடுவில் நேராகக் கிடந்த ரோடு. அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு மிதித்தாள்.

என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. முந்தானை பறந்து முகத்தை மூடியது. கிடங்குகளின் கதவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே சுவராக ஓடின. நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். பயமா, சந்தோஷமா, இன்றும் தெரியவில்லை. எனக்கு அதில் ஒரு ருசி பிடித்துக்கொண்ட நேரத்தில் ரோடு முடிந்துவிட்டது. அவள் பிரேக் போட்டு, தண்ணீர் தெரிகிற ஓரத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்தாள்.

அக்கா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு, ஓடி வந்தவள் மாதிரி.

"இதுக்காடி அப்பாவ பொறுக்கச் சொன்னேன்?" என்றாள்.

அவர் கோபப்படவில்லை என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் பிடித்தபடியே இருந்தன. வெயில் ஏறியது. ஒரு போட்டு வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பிப் போனது. வீட்டில் குழந்தை எழுந்திருப்பாள், அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை.

"போலாமாக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருடி" என்றாள்.